வீட்டிற்கும் ஒரு மறுகால்

(தாமிரபரணிப் பாசனப் பகுதி உழவர்களுக்கான பயிற்சி வகுப்பில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல்காரன் வீடு கட்டுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். நான் பொறியாளன் அல்லன். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், கம்பி எத்தனை என்பதையெல்லாம் அதற்குரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீர் எப்படி வரும், எப்படிப் போகும், போக வழியில்லாவிட்டால் என்ன செய்யும் என்பது உழவர்களாகிய உங்களுக்கும் எனக்கும் தெரிந்த விஷயம். வீட்டுக் குழாய் வேலையின் சாரமும் அதுதான்.

நம் ஆற்றுப் பாசனத்தைப் பாருங்கள். அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை வழியாக வயல். அத்தோடு முடிவதில்லை. குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்திற்குப் போகிறது. மறுகால் இல்லாத குளத்தை நம் முன்னோர் வெட்டவில்லை. ஆனால் நாம் வீடு கட்டும்போது மடையை மட்டும் பார்க்கிறோம், மறுகாலை மறந்துவிடுகிறோம்.

ஆறு வாசலோடு நின்றது

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை பெய்தது. ஆறும் குளங்களும் ஒன்றாயின.

என் தந்தையார் வீடு ஆற்றின் தென்கரையில் உள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறது. 2012-இல் கட்டியது. அப்போது நான் முதுநிலைப் படிப்பில் இருந்தேன். வீட்டுப் படத்தில் எங்கெங்கே குழாய் வேண்டும் என்று குறித்துக் கொடுத்தது நான்தான். பதினொரு குழாய்கள் குறித்தேன். அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று ஒரு கோடுகூடப் போடவில்லை. பின்கட்டு அறையும் குளியலறையும் கூடத்தைவிட ஒன்றரை அடி தாழ்வாக அமைந்தன. கழிவுநீர்த் தொட்டி அதைவிடத் தாழ்வாக, கால்வாய்ப் பக்கம் அமைந்தது.

அந்த வெள்ளத்தில் வாசலில் இருந்த மூன்று படிகளில் இரண்டு மூழ்கின. மூன்றாவது படியோடு வெள்ளம் நின்றுவிட்டது. தப்பித்தோம் என்று எல்லாரும் மூச்சு விட்ட நேரத்தில் குளியலறைத் துவாரம் கொப்பளிக்கத் தொடங்கியது. தொட்டியின் மூடி வெள்ளத்துக்குள் போய்விட்டதால், தொட்டியில் இருந்தது குழாய் வழியே திரும்பி வந்தது. பின்கட்டில் அடுக்கியிருந்த சாப்பாட்டு நெல் பத்து மூட்டையும், உளுந்து விதையும் அதில் நனைந்தன. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. ஆறு எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வந்தது எங்கள் கழிவுநீர்தான்.

தந்தையார் கோபப்படவில்லை. "ஏலே, ஊருக்கெல்லாம் வடிகால் சொல்லுதியே, நம்ம வீட்டுக்குச் சொல்லலியே" என்றார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த உரையை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மட்டம் பாருங்கள்

மனை பார்ப்பதைச் சித்திரை மாதத்தில் செய்யாதீர்கள். அப்போது எந்த மனையும் நல்ல மனைதான். கார்த்திகை, மார்கழியில், பிசானப் பயிருக்குத் தண்ணீர் நிற்கும் காலத்தில் போய்ப் பாருங்கள். பக்கத்துக் கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 1992 நவம்பர் வெள்ளத்திலும் 2023 வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள்.

பிறகு கொத்தனாரின் டியூப் மட்டத்தைக் கொண்டு நான்கு உயரங்களை ஒரே சுவரிலோ கம்பத்திலோ குறியுங்கள்.

1. வெள்ளம் வந்த உயரம்
2. தெருவின் உயரம்
3. கழிவுநீர்த் தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் வாயின் உயரம்
4. குளியலறை, கழிப்பறைத் தளத்தின் உயரம்

இவற்றில் நான்காவது எல்லாவற்றிற்கும் மேலே இருக்க வேண்டும். மூன்றாவது முதலாவதற்கு மேலே இருக்க வேண்டும். தெரு ஒவ்வொரு முறை போடப்படும்போதும் உயர்ந்துகொண்டே வரும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். கழிப்பறைப் பீங்கானையும் வளைவையும் பொருத்தத் தளத்திற்குக் கீழே ஏறத்தாழ ஓர் அடி வேண்டும். அங்கிருந்து தொட்டிவரை 20 அடிக் குழாய்க்குச் சரிவு 6 அங்குலம். தொட்டிக்குள் நீர் நுழையும் வாய்க்கும் வெளியேறும் வாய்க்கும் வேறுபாடு 2 அங்குலம். ஆகமொத்தம் 1 அடி 8 அங்குலம். பேஸ்மட்டத்தை மண்ணிலிருந்து 2 அடி உயர்த்தினால், வெளியேறும் வாய் மண்ணுக்கு 4 அங்குலம் மேலே நிற்கும். உட்கார்ந்து பயன்படுத்தும் நாட்டு முறைப் பீங்கானாக இருந்தால் இன்னும் அரை அடி ஆழம் கேட்கும். அதற்கேற்பப் பேஸ்மட்டத்தையும் உயர்த்த வேண்டும். கழிவுநீர் எப்படிப் போகும் என்பது பேஸ்மட்டம் எழும்பும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு பிளம்பரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கழிவுநீர்த் தொட்டி

ஐந்து பேர் உள்ள வீட்டிற்கு 5 அடி நீளம், 2½ அடி அகலம், நீர் நிற்கும் ஆழம் 3½ அடி என்ற அளவு போதும். நீர்மட்டத்திற்கு மேலே ஓர் அடி வெற்றிடம் விடுங்கள். 2 அங்குலத்திற்குக் குறையாத காற்றுப்போக்கிக் குழாய் வையுங்கள். தொட்டி பெரிதாக இருந்தால் நல்லது என்று கிணறு போல் வெட்டுவதும், அடியில் தளம் போடாமல் விடுவதும் தவறு. அடித்தளம் இல்லாத தொட்டி நிலத்தடி நீரோடு கலந்துவிடும்.

தொட்டியிலிருந்து வெளிவரும் நீர் தெளிந்திருந்தாலும் தூய்மையானதன்று. அதை உறிஞ்சு குழிக்கு விடுவது வழக்கம். உறிஞ்சு குழி உங்கள் கிணற்றிலிருந்தும் அடுத்த வீட்டுக் கிணற்றிலிருந்தும் 60 அடி தள்ளி இருக்க வேண்டும். நஞ்சை ஓரத்தில், பிசான காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும் இடங்களில் உறிஞ்சு குழி வேலை செய்யாது. நீர் நிறைந்த குழி எதை உறிஞ்சும்? அத்தகைய மனையில் தொட்டிக்கு அடுத்துச் சரளைக்கல் நிரப்பிய வடிகட்டும் தொட்டி ஒன்று கட்டி, நீரை அடியிலிருந்து மேலாகச் செலுத்தி, மேடாக்கிய மண்பாத்திக்கு விடும் முறையைப் பொறியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தொட்டிக்குப் போகும் குழாயில் எதிரோட்டத்தைத் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றை, எட்டிக் கைவைக்கும்படியாகப் பொருத்துங்கள். ஆண்டுக்கு இருமுறை அதைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். வெள்ளத்தில் வால்வு மூடியிருக்கும்போது வீட்டுக்குள் தண்ணீரைக் கொட்டக் கூடாது. அதற்கு வெளியே போக வழியிராது.

இரண்டு எச்சரிக்கைகள். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் நாளில் தொட்டியை முழுவதும் காலி செய்யாதீர்கள். எடை குறைந்த தொட்டி, அதிலும் பிளாஸ்டிக் தொட்டி, மிதந்து எழும்பிக் குழாயை முறித்துவிடும். அடுத்தது, எந்தக் காரணத்தைக் கொண்டும் மனிதரைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் உயிரைக் குடிக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் இதைத் தடை செய்கிறது. வண்டி வந்து குழாய் விட்டு உறிஞ்சும்படி, தொட்டியின் மூடியைப் பாதை ஓரத்தில் அமையுங்கள்.

குழாயும் மாடித் தொட்டியும்

4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் சரிவு வேண்டும். குறைந்தால் கழிவு தங்கும். மிகவும் கூடினால் நீர் முந்தி ஓடிவிட, கழிவு பின்தங்கும். வாய்க்காலில் மண் படிவதும் மண் அரிப்பதும் நீங்கள் பார்த்ததுதானே! குழாய் திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் மூடியுள்ள சிறு தொட்டி கட்டுங்கள். அடைப்பு பெரும்பாலும் திருப்பத்தில்தான் வரும்.

மாடித் தொட்டி பெரிதாக இருந்தால் தண்ணீர் வேகமாக வரும் என்பது தவறான எண்ணம். குழாய்க்கும் தொட்டியின் நீர்மட்டத்திற்கும் உள்ள உயர வேறுபாடுதான் வேகத்தைத் தருகிறது. எனவே பெரிய தொட்டி வாங்குவதைவிட மேடையை உயர்த்துவது பலன் தரும். 1000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், சுவர் அல்லது தூண்களின் மேலே வையுங்கள்.

சுவருக்குள் பதிக்கும் குழாய்களைப் பூச்சு வேலைக்கு முன்பே நீர் நிரப்பி, ஒருநாள் முழுவதும் கசிவு பாருங்கள். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து ஆணி அடிக்கும்போது அதன் அருமை தெரியும். ஒவ்வொரு குளியலறைக்கும் தனியாக அடைக்கும் வால்வு வேண்டும். ஒரு குழாய் கெட்டதற்காக வீடு முழுவதும் தண்ணீரை நிறுத்தக் கூடாது.

மொட்டைமாடி மழைநீருக்கு 500 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் வீதம் இறக்குங்கள். காயல்பட்டினத்தில் பெய்த 95 செ.மீ. மழை 1000 சதுர அடி மாடியில் பெய்தால் ஏறத்தாழ 88,000 லிட்டர். இந்த நீரை ஒருபோதும் கழிவுநீர்த் தொட்டிக்கு விடாதீர்கள்.

சோப்புத் தண்ணீர் வாழைக்கு

இப்போது என் சொந்தத் துறைக்கு வருகிறேன். குளித்த நீரையும் துவைத்த நீரையும் கழிவுநீர்த் தொட்டிக்கு விட வேண்டியதில்லை. அதற்குத் தனிக் குழாய் போடுங்கள். கட்டும்போது பிரிப்பது எளிது, கட்டிய பின் தளத்தை உடைக்க வேண்டும். ஆளுக்கு 55 லிட்டர் என்று கொண்டால் ஐந்து பேர் வீட்டில் 275 லிட்டர். அதில் 200 லிட்டர் இந்த வழியில் கிடைக்கும். பத்து வாழைக்கு அது போதும். கல்வாழை, தென்னை ஆகியவற்றிற்கும் விடலாம். சமையலறை நீருக்கு எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் சிறு தொட்டி ஒன்று தேவை. நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்காதீர்கள், நாறும். ஒரே இடத்தில் தொடர்ந்து விட்டால் களிமண் இறுகும், ஆகையால் பாத்தியை மாற்றி மாற்றி விடுங்கள். பச்சையாக உண்ணும் கீரை, காய்களுக்கு வேண்டாம்.

வெள்ளம் புகுந்த கிணறு

கிணற்றின் கைப்பிடிச் சுவர் வெள்ள உயரத்திற்கு மேலே இருக்கட்டும். அதையும் மீறி நீர் புகுந்தால், கலங்கல் நீரை இறைத்துவிட்டுப் பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் நீரின் அளவு லிட்டரில் கிடைக்கும். 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீர் என்றால் 28,260 லிட்டர். அதற்கு ஏறத்தாழ 70 கிராம். வாளி நீரில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரத்திற்குப் பின்பே எடுக்க வேண்டும். வெள்ளத்திற்குப் பின் நீரைப் பரிசோதித்து, காய்ச்சிக் குடிப்பது நலம்.

முடிவாக

எங்கள் வீட்டில் பின்கட்டுத் தளத்தை உடைத்து இரண்டடி உயர்த்தினோம். தொட்டியைத் தெருப் பக்கம் மேட்டில் புதிதாகக் கட்டினோம். வால்வு வைத்தோம். நெல் இப்போது பரணில் இருக்கிறது. 2012-இல் கூடுதலாக நான்கு வண்டி மண்ணும் ஒரு நாள் யோசனையும் போதுமாயிருந்த வேலைக்கு இவ்வளவும் செய்ய வேண்டி வந்தது.

பிசான அறுவடை முடிந்து வானம் தோண்டப் போகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வீட்டுப் படத்தைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் எதிரே, அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு கோடு போடுங்கள். கோடு போட முடியாத குழாயை அடித்துவிடுங்கள். அதன் பிறகு கொத்தனாருக்கு முன்பணம் கொடுங்கள்.