துருவும் ஒரு பாடம்
(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெளியே மேசையில் இருக்கும் மாதிரியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருப்பீர்கள். "ரயில் ஓடுமா சார்?" என்று மூன்று பேர் கேட்டார்கள். ஓடாது. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தது ரயில் நிற்கும் இடம். அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி வந்து இறங்கும் சைடிங்.

முதலில் வந்தது கணக்கு. மாதிரி ரயில் பிரியர்கள் உலகம் முழுக்க அதிகம் கையாளும் அளவு 1:87. நிலக்கரி ஏற்றிவரும் பாக்ஸ்-என் வேகனின் நீளம் 10.713 மீட்டர். 87ஆல் வகுத்தால் சுமார் 12.3 செ.மீ. நம் அகலப் பாதையின் 1676 மி.மீ. இடைவெளி 19.3 மி.மீ. ஆகிவிடும். சரி, 58 வேகன் கொண்ட முழு ரேக்? 7.14 மீட்டர். எங்கள் வகுப்பறையே 6 மீட்டர்தான். 200 மீட்டர் உயரப் புகைபோக்கி என்றால் 2.3 மீட்டர் வரும். எதை வைப்பது, எதை விடுவது என்று பிள்ளைகளே பேசி முடிவெடுத்தார்கள். ஆறு வேகன் போதும். புகைபோக்கி பின்புற அட்டையில் ஓவியமாகப் போனது. விகித சமம் நடத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வேகன்களைப் பழைய அட்டைப்பெட்டியில் வெட்டினோம். தகரக் கூரைக்கு அலுமினியத் தாளைச் சீப்பின் பற்கள் மேல் வைத்து அழுத்தினால் நெளிவு வந்துவிடும். இதெல்லாம் நீங்கள் அறிந்த கைவேலைதான். நான் பேச வந்தது அடுத்த கட்டத்தைப் பற்றி. செய்து முடித்ததைப் பழசாக்குவது.

அமெரிக்காவில் மாண்டெரே என்ற ஊரில் ஜான் ஆலன் என்றொருவர் இருந்தார். பளபளக்கும் பொம்மை ரயில்களின் காலத்திலேயே, தன் மாதிரி ரயிலுக்குத் துருவும் புழுதியும் ஏற்றிப் பெயர் பெற்றவர். 1973இல் அவர் இறந்த சில நாட்களிலேயே அந்த மாதிரி தீயில் அழிந்துவிட்டது. புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றைக் காட்டி, "இந்த அழுக்கு ஏன் இந்த இடத்தில் மட்டும் இருக்கிறது?" என்று கேட்டேன். வகுப்பு முழுக்க அமைதி.

பிறகு லெவல் கிராசிங்கில் கேட்டுக்கு வெளியே பாதுகாப்பாக நின்று பார்க்கச் சொன்னேன். ஒரு வாரத்தில் குறிப்பேடுகள் நிரம்பின. தண்டவாளத்தின் தலை மட்டும் பளபளக்கிறது, பக்கமெல்லாம் பழுப்பு. ரயில் போகாத பழைய லைனில் தலையும் துருவேறிக் கிடக்கிறது. ஜல்லியும் பாதையை ஒட்டிப் பழுப்பாக இருக்கிறது; பிரேக் தேயும்போது உதிரும் தூளும் அதற்கு ஒரு காரணம். வேகனில் துரு ஆணித் தலையில் தொடங்கி, மழைநீர் வழிந்த தடத்திலேயே கீழிறங்குகிறது. துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று பாடத்தில் படித்ததற்கு அதுவே சாட்சி.

வண்ணம் பூசும் முறை எளிது. முதலில் துரு நிறம். அது காய்ந்ததும் ஆங்காங்கே நீரைத் தொட்டுக் கல் உப்பைத் தூவி, நன்றாக உலர விட்டு, மேலே வேகனின் நிறம். அதுவும் காய்ந்தபின் உப்பைத் தேய்த்தெடுத்தால் வண்ணம் உரிந்த இடம்போல் துரு எட்டிப் பார்க்கும். கரித்தூளுக்குக் கறுப்புச் சுண்ணக்கட்டிப் பொடி. உண்மையான நிலக்கரித் தூள் வேண்டாம். பிள்ளைகளின் மூச்சில் போகும்.

வாசிக்கத் தடுமாறும் ஒரு மாணவன் இந்த வேலையில்தான் குழுத் தலைவன் ஆனான். எங்கே எவ்வளவு கறை என்பதை அவனிடம்தான் மற்றவர்கள் கேட்டார்கள்.

சிக்கல் வீடுகளில் வந்தது. சைடிங்குக்குப் பக்கத்தில் நான்கு ஓட்டு வீடுகள் வைத்தோம். ஒரு மாணவி அந்தக் கூரைகளிலும் சாம்பல் நிறப் பொடியைத் தூவினாள். "எங்க வீட்ல துணி காயப் போட்டா அப்படித்தான் சார் இருக்கும்" என்றாள். இன்னொருவன் உடனே அதை ஊதித் தள்ளினான். அவன் அப்பா அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. "யாராவது பாத்துட்டு அப்பாவ ஏதாச்சும் சொல்லிட்டா?" என்றான். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தானே.

அளந்து பார்க்கலாம் என்று முடிவாயிற்று. வெள்ளை அட்டையில் தேங்காய் எண்ணெய் தடவி, நான்கு திசையிலும் ஒவ்வொரு மாணவர் வீட்டில் மூன்று நாள் வைத்தார்கள். மேற்குக் காற்று வீசும் ஆடி மாதம். கிழக்கே இருந்த வீட்டு அட்டைதான் அதிகம் கறுத்திருந்தது. தூசு எங்கிருந்து வந்தது என்பதை அட்டை சொல்லாது. பக்கத்தில் செங்கல் சூளையும் மண் சாலையும் உண்டு. இதை ஊதித் தள்ளியவனே எழுந்து சொன்னான். ஆகவே எந்தக் கூரையில் எவ்வளவு என்பதை மட்டும் அட்டையில் கண்டபடி தூவினார்கள். காரணம் எதையும் எழுதி ஒட்டவில்லை.

கண்காட்சியில் பார்வையிட வந்த ஒருவர், "கூரையை மட்டும் சுத்தம் செய்துவிடலாமே, பார்க்க அழகாக இருக்கும்" என்றார். பிள்ளைகள் பதில் பேசாமல் நான்கு அட்டைகளையும் எடுத்துக் காட்டினார்கள். பரிசு வரவில்லை. கூரை அப்படியே இருக்கிறது.

வெளியே போகும்போது மூன்றாவது வேகனின் பக்கத்தைப் பாருங்கள். தலைக்கவசமும் மூக்கில் கட்டிய துண்டுமாக ஓர் ஆள் நிற்கிறார், 2 செ.மீ. உயரம். அந்தப் பையன் கடைசி நாளில் கொண்டுவந்து வைத்தது. கையால் தொட வேண்டாம், பொடி இன்னும் முழுதாக ஒட்டவில்லை.