கூரை சொல்வதைக் கேட்போம்

(கூட்டமைப்பின் ஆடி மாதக் கூட்டத்தில் உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் திருப்பம், பதிவேடு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். கலைந்து போவதற்கு முன் இன்னும் ஒரு விஷயம் பேசணும். அது நம்ம தலைக்கு மேலே இருக்கிற விஷயம். வீட்டுக் கூரை.

தரையைத் தினமும் இரண்டு வேளை கூட்டுகிறோம். சுவருக்குப் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிறோம். கூரையை எப்போது அண்ணாந்து பார்க்கிறோம்? மழை பெய்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பாயில் விழும்போதுதான். குண்டானை எடுத்து வைக்கிறோம். மழை விட்டதும் குண்டானையும் எடுத்துவிடுகிறோம், கவலையையும் எடுத்துவிடுகிறோம்.

நம்ம குழுக்களின் கடன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். 'வீடு பழுது' என்று எழுதி வாங்கிய கடன் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் இருக்கும். அதாவது கூரை விழுந்த பிறகு வாங்கிய கடன். அந்த நேரத்தில் கொத்தனார் கிடைக்க மாட்டார். மணல் நனைந்து கிடக்கும். அவசரத்துக்கு வெளியில் பத்து வட்டிக்குக் கை நீட்ட வேண்டி வரும். சித்திரை, வைகாசியில் செய்திருந்தால் பாதிச் சிரமம் இருந்திருக்காது. இப்போது ஆடி. ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கே பேசுகிறோம்.

தோலா, எலும்பா?

கூரை எந்த வகையாக இருந்தாலும் அதில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று தோல். மழையையும் வெயிலையும் தடுப்பது. கீற்று, ஓடு, ஷீட், தளத்தின் மேல் பூச்சு எல்லாம் தோல். இன்னொன்று எலும்பு. கூரையைத் தாங்கி நிற்பது. மூங்கில், கைமரம், வளை, இரும்புச் சட்டம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாம் எலும்பு.

தோல் கெட்டால் ஒழுகும். பழுது பார்த்தால் போதும். எலும்பு கெட்டால் விழும். அதற்கு ஒட்டுப் போட்டுப் பிரயோஜனம் இல்லை, மாற்றத்தான் வேணும். நாம் ஒழுகலை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். ஒழுகாத கூரையும் விழலாம், ஒழுகுகிற கூரையும் பலமாக இருக்கலாம். ஒழுகல் ரொம்ப நாள் நீடித்தால் எலும்பையும் தின்றுவிடும், அது வேறு விஷயம். ஆகவே 'ஒழுகுதா?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'தாங்குறது நல்லா இருக்கா?' என்றும் கேட்கப் பழகுவோம்.

கீற்றுக் கூரை

தென்னங்கீற்று இரண்டு மூன்று வருஷத்தில் மட்கிப் போகும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பகலில் வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் வெளிச்சப் பொட்டு தெரிகிறதா? அப்படியானால் வேய வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆனால் புதுக் கீற்று போடும் முன், பழசைப் பிரித்ததும் மூங்கிலையும் சவுக்குக் கழியையும் கட்டாயம் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிறதா, அடியில் மாவு மாதிரிக் கொட்டுகிறதா, கரையான் மண் ஏறியிருக்கிறதா? இருந்தால் அந்தக் கழியை மாற்றாமல் மேலே கீற்று ஏற்றாதீர்கள். நனைந்த கீற்று நல்ல பாரம்.

ஓட்டு வீடு

ஓடு ஒன்றிரண்டு உடைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். நாட்டு ஓடானால் சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து அடுக்கினாலே ஒழுகல் நிற்கும். எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து நம்ம வீட்டு முகட்டைப் பாருங்கள். முகடு நேர்க்கோடாக இருக்கிறதா, நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்திருக்கிறதா? தொய்ந்திருந்தால் தப்பு ஓட்டில் இல்லை, வளையிலோ கைமரத்திலோ இருக்கிறது. கைமரம் சுவரில் உட்காரும் முனைதான் முதலில் உளுத்துப் போகும். அங்கே ஆணியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மரம் போய்விட்டது. ஒரே இடத்து ஓடு மறுபடி மறுபடி சரிந்தாலும் அடியில் ரீப்பர் போய்விட்டது என்றே அர்த்தம்.

சிமெண்ட் ஷீட்

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்கிறோமே, கல்நார் ஷீட், அதில் விரிசல், போல்ட் ஓட்டையைச் சுற்றி உடைப்பு, ஓரம் பொரிந்து தூளாவது இவையெல்லாம் மாற்றச் சொல்லும் அடையாளம். அடியில் உள்ள இரும்புச் சட்டம் துருப்பிடித்து இளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் எத்தனை வீட்டுக் கூரை பறந்தது என்று நமக்குத் தெரியும். புயல் காற்று கூரையை அமுக்குவதில்லை, கீழிருந்து மேலே தூக்குகிறது. ஷீட்டைச் சட்டத்தோடும், சட்டத்தைச் சுவரோடும் பிடித்து வைத்திருக்கும் போல்ட்டு கெட்டுப் போயிருந்தால் ஷீட் புதுசாக இருந்தும் பலனில்லை.

இன்னொரு எச்சரிக்கை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஷீட்டை அறுக்கும்போதும், உடைக்கும்போதும், துளை போடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார் மூச்சில் போகும். ஆகவே கழற்றும்போது தண்ணீர் தெளித்து, போல்ட்டை எடுத்து, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். உடைந்த துண்டைத் தூளாக்கி வாசலில் மேடு நிரவாதீர்கள். பழைய ஷீட் மேல் யாரும் ஏறிக் கால் வைக்கக் கூடாது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் வைத்ததும் உடைந்து ஆள் கீழே வந்துவிடுவார்.

தொகுப்பு வீடும் கான்கிரீட் தளமும்

நம்ம உறுப்பினர்களில் பலபேர் தொகுப்பு வீட்டில் இருக்கிறோம். இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் கட்டிய வீடு 35 வருஷத்தைத் தாண்டிவிட்டது. கான்கிரீட் என்றால் பேரன் காலம் வரைக்கும் நிற்கும் என்று நாம் நினைத்துவிட்டோம். கான்கிரீட்டுக்கும் வயசு உண்டுங்க.

அது எப்படிக் கெடுகிறது என்று தெரிந்துகொண்டால் பார்ப்பது சுலபம். சிமெண்ட்டின் காரம் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. வருஷம் ஆக ஆகக் காற்றும் ஈரமும் உள்ளே இறங்கி அந்தக் காரம் குறைகிறது. கடலோர ஊர் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. தளம் போட்டபோது கம்பிக்கு அடியில் போதிய கனம் விடாமல் பலகையோடு ஒட்டிப் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கிறது. சுவரில் முளைத்த ஆலஞ்செடி சுவரைப் பிளக்கிற மாதிரி, துரு கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. அதுதான் காரை பெயர்ந்து விழுகிறது.

இது ஒரே நாளில் நடப்பதில்லை. வரிசையாக அடையாளம் காட்டும்.

முதலில் ஓதம். மழை விட்டு நாளாகியும் காயாத ஈரத்திட்டு, வெள்ளை உப்புப் பூப்பது.

இரண்டாவது, செம்மண் நிறத்தில் துருக்கறை.

மூன்றாவது, கோடு போட்ட மாதிரி நேரான விரிசல். கம்பி போகும் வழியிலேயே விரிசலும் போகும்.

நான்காவது, டொக்குச் சத்தம். நீளமான கழியால் லேசாகத் தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், விட்டுப்போன இடம் காலிப் பெட்டி மாதிரி கேட்கும். தட்டும்போது நேர் கீழே நிற்காமல் தள்ளி நின்று தட்டுங்கள்.

ஐந்தாவது, காரை விழுந்து கம்பி வெளியே தெரிவது.

ஆறாவது, கம்பி இளைத்து, தளமே தொய்வது. சுவருக்குச் சுவர் நூல் பிடித்துப் பார்த்தால் தொய்வு தெரிந்துவிடும்.

முதல் மூன்றோடு நின்றால் பெரும்பாலும் பழுது பார்த்தே காப்பாற்றலாம். மாடியில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரி செய்யணும், மழைநீர்க் குழாய் அடைப்பை எடுக்கணும், தளத்தின் மேல் நீர் இறங்காதபடி பூசணும். நான்கு, ஐந்து வந்துவிட்டால் பொறியாளர் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. ஆறாவது வந்துவிட்டால் தளத்தை மாற்றுவதுதான் வழி.

கம்பி கொஞ்சம்தானே இளைத்திருக்கிறது என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. 8 மில்லி கம்பி 7 மில்லி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிதான் போயிருக்கு என்று தோன்றும். ஆனால் கம்பியின் பலத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது.

பூசி மறைப்பதால் வரும் கேடு

நம்ம பகுதியில் ஒரு குழுச் சகோதரி வீட்டில் காரை விழுந்த இடத்தில் மூன்று வருஷமாகச் சிமெண்ட் பூசிப் பூசி வெள்ளையடித்தார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கணும் என்று அவசரம். துருவைச் சுரண்டாமல் மேலே பூசிய பூச்சு, கூடுதல் பாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி அத்தனையும் சேர்ந்து விழுந்தது. அன்றைக்குப் புழுக்கம் என்று பிள்ளைகள் திண்ணையில் படுத்திருந்தார்கள். அதனால் பாயோடு போச்சு.

பழுது பார்ப்பதென்றால் விட்டுப்போன கான்கிரீட்டை முழுசாகக் கொத்தி எடுக்கணும். கம்பியின் பின்பக்கம் வரைக்கும் துருவைச் சுரண்டணும். துருத்தடுப்புப் பூச்சு அடிக்கணும். பிறகுதான் அதற்குரிய கலவை வைத்துப் பூசணும். இதைச் செய்யாமல் வெறும் சிமெண்ட் பூசினால், அது கூரைக்குப் போட்ட முகப்பவுடர்தான்.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். உதாரணத்துக்குச் சொல்கிறோம். வருஷம் 6,000 ரூபாய் வீதம் ஐந்து வருஷம் ஒட்டுப் போட்டால் 30,000 ரூபாய். அந்தப் பணமும் போய், கூரையும் போய் நிற்போம். அதே பணம் குழுவில் சேமிப்பாக இருந்தால் புதுத் தளத்துக்கு நம்ம கைப்பங்காக இருந்திருக்கும்.

இப்போது என்ன செய்யலாம்?

கம்பி தெரிகிற இடத்துக்குக் கீழே இன்றைக்கு ராத்திரியே யாரும் படுக்க வேண்டாம். தொட்டிலை அந்தக் கம்பியில் கட்ட வேண்டாம். கட்டிலை, அடுப்பை, பிள்ளைகள் படிக்கும் இடத்தைத் தள்ளிப் போடுங்கள். மாடியில் இருக்கும் விறகு, தண்ணீர்த் தொட்டி, பழைய செங்கல் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். ரொம்ப மோசமாக இருந்தால் விவரம் தெரிந்த கொத்தனாரைக் கொண்டு முட்டு கொடுத்துவிட்டு வேறு இடத்தில் தங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒன்றிய அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். இந்திரா குடியிருப்பு வீடுகளைப் பெண் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோ ஒதுக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதியாக இருந்தது. ஆகவே 'அவர் வரட்டும், கையெழுத்துப் போடட்டும்' என்று காத்திருக்க வேண்டாம். ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் இருந்தால் நீங்களே எழுதலாம். குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கக் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் 2024-ல் வந்தது, வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று. பழைய அரசு வீடுகளைப் பழுது பார்க்கவும் அதே வருஷம் அறிவிப்பு வந்தது. இந்த வருஷம் எந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது என்று அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து பேசுங்கள். ஒருவராகப் போவதைவிடக் குழுவாகப் போனால் காது கொடுப்பார்கள். கூரையைப் படம் எடுத்து மனுவோடு வையுங்கள்.

நாம் எடுக்க வேண்டிய தீர்மானம்

இந்த மாதக் குழுக் கூட்டத்தை ஒவ்வொரு குழுவும் உறுப்பினர் வீடுகளைச் சுற்றிப் பார்க்கும் கூட்டமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு இரண்டு பேராகப் போய், தோல் எப்படி, எலும்பு எப்படி என்று பார்த்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எலும்பு கெட்ட வீட்டுக்கு உள்கடனில் முதலிடம் கொடுங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் நம்ம பணம் நம்ம உறுப்பினர் வீட்டைக் காப்பாற்றட்டும். தனியாக இருக்கும் வயசான உறுப்பினர்கள், கணவரை இழந்த சகோதரிகள் வீட்டை முதலில் பாருங்கள். அவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். அவர்கள் வீட்டில் அண்ணாந்து பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை.

வீட்டுக்குள் அதிக நேரம் இருப்பது நாமும் நம்ம பிள்ளைகளும்தான். கூரை காட்டும் அடையாளத்தை முதலில் பார்க்கக் கூடியவர்களும் நாம்தான். பார்த்ததை மறைக்காமல் குழுவில் சொல்லுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் பட்டியலோடு வாருங்கள். மழைக்கு முன்னால் எந்தெந்த வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து முடிவெடுப்போம்.