கொதித்த வண்டி



முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். அவற்றுள் கடைசி எட்டு ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் இருந்தேன். வெப்பம் எவ்வாறு பரவுகிறது என்னும் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட நான், என் தந்தையார் விட்டுச் சென்ற மோட்டார் வண்டி நடுச்சாலையில் சீறிக் கொதித்தபோது ஒன்றும் விளங்காமல் நின்றேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

வண்டி 1969-ஆம் ஆண்டு வாங்கிய அம்பாஸிடர். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் காரைத் தழுவி, மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1957 முதல் உருவாகி வந்த வண்டி அது என்பதும், 2014-இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று என்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே. என் தந்தையாரின் வண்டியில் இருந்தது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பின்னர், 2021-இல் அதன் சிலிண்டர் கட்டை வெடித்துவிட்டது.

பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று என் மக்கள் சொன்னார்கள். என் அன்னையார் மட்டும் இசையவில்லை. அப்போது அவருக்கு எண்பத்தாறு வயது. தாண்டிக்குடி அவர் பிறந்த ஊர். "உங்கப்பா வண்டியில் ஒரு தடவை மலைக்குப் போய்விட்டு வந்துவிட்டால் போதும். அப்புறம் நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்" என்றார். அதற்கு மேல் யார் என்ன பேசுவது?

அம்பாஸிடரில் 1992 முதல் இசுசு என்னும் ஜப்பானிய வகை எஞ்சினைப் பொருத்தலானார்கள். அது 1817 கன சென்டிமீட்டர். பழையதைக் காட்டிலும் வலுவுள்ளது. கழித்துக் கட்டிய வண்டி ஒன்றிலிருந்து அத்தகைய எஞ்சினை வாங்கி, எங்கள் ஊர்ப் பட்டறையில் கொடுத்து மாற்றச் சொன்னேன். பட்டறைக்காரர் என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்தவர். இரண்டு முறை தேறாமல் பள்ளியை விட்டவர். எஞ்சினைத் தாங்கும் இரும்புப் பிடிகளை அவரே அடித்துச் செய்தார். ரேடியேட்டரை மட்டும் மாற்றக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். அதன் மேற்கலத்தில் என் தந்தையார் தம் கையால் பொறித்த தேதி ஒன்று இருந்தது.

வண்டி ஓடிற்று, அழகாகவே ஓடிற்று. ஆனால் ஐந்தாறு மைல் போவதற்குள் உஷ்ணம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கடைவீதி நெரிசலில் ஒரு நாள் மூடிக்கடியிலிருந்து ஆவி கிளம்பி, முன்கண்ணாடியை மறைத்துவிட்டது.

இத்தகைய வேளையில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள் என்றார் ஒருவர். எஞ்சின் சூடேறும் வரையில் நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைக்கும் சிறு கதவுதான் தெர்மோஸ்டாட். ஏறத்தாழ 82 டிகிரியில் திறக்கும். ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்றார் இன்னொருவர். நீரேற்றியில் கோளாறு என்றார் மூன்றாமவர். நான் மூவருக்கும் செவி சாய்த்தேன். அயலூருக்கு வண்டியை எடுத்துச் சென்று, ஒரே நாளில் தெர்மோஸ்டாட்டை நீக்கினேன், ரேடியேட்டருக்குப் புதுக் குழல்களை வைத்தேன், நீரேற்றியையும் மாற்றினேன். ஓய்வூதியத்தில் இரண்டு மாதத் தொகை போயிற்று. வண்டி முன்போலவே கொதித்தது. ஒரு சோதனையில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் செய்த காரியம் இது!

இதைவிடத் தாழ்ந்த காரியம் ஒன்றையும் செய்தேன். தேநீர்க் கடையில் பத்துப் பேர் கேட்க, "படிக்கிற காலத்தில் எப்படி இருந்தானோ, வேலையிலும் அப்படித்தான் இருக்கிறான்" என்று அந்தப் பட்டறைக்காரரைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சொல் அவர் காதுக்கு எட்டாமலா இருக்கும்? ஆயினும் மறுநாள் அவரே என் வீட்டுக்கு வந்தார்.

அவர் வந்த நேரம், வண்டி அப்போதுதான் வெளியே போய்வந்து சீறிக்கொண்டிருந்தது. நான் துணியை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். "ஐயா, கையை எடுங்கள்!" என்று கூவி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தேங்கினால், நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 111 டிகிரி வரையில் அடங்கிக் கிடக்கும். திறந்த மாத்திரத்தில் அழுத்தம் நீங்கி, நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். பிரஷர் குக்கரை வைத்து வகுப்பில் நான் நடத்திய பாடந்தான் இது.

வண்டி ஆறும் வரையில் திண்ணையில் அமர்ந்து அவர் சில கேள்விகள் கேட்டார். கொதிப்பது நெடுஞ்சாலையில் விரைந்து போகும்போதா, நெரிசலில் நிற்கும்போதா? முள் மட்டும் ஏறுகிறதா, நீரும் பொங்குகிறதா? எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் முள்ளை மட்டுமே பார்த்திருந்தேன். நினைத்துப் பார்த்ததில், நெடுஞ்சாலையில் முள் சிவப்பில் நின்றதே தவிர நீர் ஒருநாளும் பொங்கவில்லை. பொங்கியதெல்லாம் கடைவீதியிலும், மேடேறும்போதும், நின்றபடி ஓடவிட்டபோதுந்தான்.

"ஐயாவிடம் உஷ்ணமானி இருக்குமே" என்றார். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முதலில் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வைத்தார். பிறகு குளிர்ந்த எஞ்சினில் மூடியைக் கழற்றி, ரேடியேட்டரின் வாயில் உஷ்ணமானியைத் தொங்கவிட்டு ஓட்டினார். குமிழிகள் எழவில்லை, ஆகவே ஹெட் கேஸ்கெட்டில் பழுதில்லை. பொறி தெறிக்கும் தருணமும் சரியாக இருந்தது. உஷ்ணமானி 84 டிகிரியைக் காட்டிய போதே வண்டியின் முள் சிவப்புக்குப் போய்விட்டது! மானி பழைய வண்டியினுடையது. உஷ்ணத்தை உணர்ந்து மின்சாரத்தின் வழியே சொல்லும் முனையோ புதிய எஞ்சினுடையது. உஷ்ணம் ஏற ஏற அம்முனையின் மின்தடை மாறும். அம்மாற்றம் செய்பவருக்குச் செய்பவர் வேறுபடும். ஒன்று பேசிய மொழி மற்றதற்குப் புரியவில்லை. ஆக, நெடுஞ்சாலைக் காய்ச்சல் பொய்க் காய்ச்சல்.

ஆனால் அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. நின்றபடியே ஓடவிட்டார். 88, 92, 95 என்று உஷ்ணம் ஏறிக்கொண்டே போயிற்று. இது மெய்க் காய்ச்சல்.

பெட்ரோல் எரிந்து தரும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கப் பயன்படுகிறது. மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விட, கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தை நீர் சுமந்து ரேடியேட்டரில் கொண்டுபோய் இறக்குகிறது. அங்கிருந்து அதை அள்ளிச் செல்ல வேண்டியது காற்று. வண்டி விரைந்து போகும்போது காற்று தானே வந்து புகும். நிற்கும்போதும் ஊரும்போதும் விசிறி ஒன்றுதான் கதி.

அவர் அன்றைய செய்தித்தாளில் ஒரு தாளைக் கிழித்து ரேடியேட்டரின் முகப்பில் வைத்துக் கையை எடுத்தார். விசிறி நன்றாக இழுத்தால் தாள் அங்கேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் நழுவித் தரையில் விழுந்தது.

எஞ்சின் சற்றுப் பின்னுக்கு அமர்ந்ததால், விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி விழுந்திருந்தது. சுற்றிலும் தடுப்பு இல்லாமையால், விசிறி ரேடியேட்டரின் ஊடாக இழுக்காமல், பக்கத்திலுள்ள சூடான காற்றையே மீண்டும் மீண்டும் கடைந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க விசிறியைச் சுற்றித் தகர உறை ஒன்று வேண்டும்.

"அந்த உறை எங்கே தம்பி? எஞ்சினோடு வந்திருக்க வேண்டுமே?" என்று சற்றே அதிகாரமாகக் கேட்டேன்.

அவர் தயங்கினார். "வந்தது ஐயா. வெட்டிப் பொருத்தலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். ஐயாதான் துருப்பிடித்த தகரம் எதற்கு என்று எடைக்குப் போட்டுவிட்டீர்கள்."

உண்மைதான். பதினெட்டு ரூபாய் கிடைத்தது என்பதுகூட எனக்கு நினைவு வந்தது. பத்துப் பேர் முன்னிலையில் நான் சொன்ன சொல்லை மறுநாள் அதே கடையில் அதே பத்துப் பேர் முன்னிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் அங்கே இல்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

புதிய உறை பொருத்தியதும் தாள் பல்லி போல ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரம் நின்றபடி ஓடவிட்டும் உஷ்ணம் 88 டிகிரியைத் தாண்டவில்லை. 2022 தை மாதத்தில் வத்தலக்குண்டைக் கடந்து மலையேறினோம். அவரே ஓட்டினார், அன்னையார் முன்னால் அமர்ந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் நான் பின்னாலிருந்து எட்டி எட்டி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முள் சிவப்பில்தான் இருந்தது. தந்தையார் பார்த்த மானி என்பதால் அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. உஷ்ணமானியோடு ஒப்பிட்டு, மெய்யாகவே 100 டிகிரி ஆகும் இடத்தில் கண்ணாடியின்மேல் வெள்ளை வண்ணத்தால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். முள் அந்தப் புள்ளியைத் தொடவில்லை. தாண்டிக்குடியில் இறங்கியதும் அன்னையார் எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடாகத்தான் இருக்கிறது" என்றார்.