பழுப்புச் சாற்றில் இருப்பது யாருடைய புரதம்?



தலைமை உரை என் பொறுப்பு என்பதை அச்சடித்த அழைப்பிதழைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். இங்கே அமர வேண்டிய மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் என் ஆய்வேட்டைத் திருத்தியவர்கள். இன்றைக்கும் கையில் பேனாவோடுதான் வந்திருக்கிறார்கள். பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

'மண்பூஞ்சைகள் சுரக்கும் புரதங்களும் அவற்றின் வாழ்க்கை முறைகளும்' என்பது நமக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். இழைநுனி, சுரப்பு, வெளியே செரித்து உள்ளே உறிஞ்சுவது என்ற அரிச்சுவடி இந்த அவைக்கு வேண்டாம். மூன்று பூஞ்சைகளை மட்டும் நினைவூட்டிவிட்டு நகர்கிறேன். டிரைக்கோடெர்மா ரீசி, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்தித் துணிகளை அரித்த பூஞ்சை. ஆலைகளுக்கே செல்லுலேஸ் தரும் இந்தப் பேர்வழியின் மரபணுத்தொகுதி 2008இல் வெளிவந்தபோது, அதற்கான மரபணுக்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தன. அதே ஆண்டில் லக்காரியா பைகலர் வந்தது. மரங்களின் வேரோடு கூட்டுவாழ்வு நடத்தும் இந்தக் காளான், செல்சுவரை உடைக்கும் நொதிகளில் பெரும்பகுதியை இழந்துவிட்டு, சிறு புரதங்களைச் சுரக்கிறது. அவற்றுள் ஒன்றான மிஸ்எஸ்பி7 வேர்ச்செல்லின் உட்கருவுக்குள்ளேயே போகிறது; அதை அடக்கினால் கூட்டுவாழ்வு அமைவதில்லை. மூன்றாவது, நம் விவசாயிகளும் அறிந்த மெட்டாரைசியம். பூச்சியின் தோலில் ஒட்ட மேட்1, தாவரத்தின் தோலில் ஒட்ட மேட்2 என்று இரண்டு பசைப் புரதங்கள். ஒன்றை நீக்கினால் பூச்சியைக் கொல்லும் திறன் குறைகிறது. மற்றதை நீக்கினால் செடியில் ஒட்ட முடிவதில்லை. இது 2007இல் வந்த ஆய்வு.

மூன்றிலும் மரபணு தெரியும், புரதம் தெரியும். பின்னிரண்டில் அதை எடுத்துவிட்டால் பிழைப்பில் எது கெடுகிறது என்பதும் தெரியும். இந்த அளவுகோலோடு நம் துறையின் செல்லப்பிள்ளையிடம் போவோம். குளோமலினைத்தான் சொல்கிறேன். அமைப்பாளர்கள் என்னை மன்னிக்க வேண்டும். மீதி நேரம் முழுவதும் அதற்குத்தான்.

1996இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் சாரா ரைட்டும் அவருடைய சகாக்களும் ஒரு வேர்ப்பூஞ்சையின் ஸ்போர்களை நசுக்கி, அவற்றுக்கு எதிராக ஓர் ஆன்டிபாடி தயாரித்தார்கள். அது வேர்ப்பூஞ்சை இழைகளின் மேல் ஒளிர்ந்தது. அது பற்றிக்கொண்ட பொருளுக்குத்தான் குளோமலின் என்று பெயர். அருமையான வேலை, அந்த ஆண்டில் வந்த கட்டுரைகளை இன்று படித்தாலும் அவற்றின் நிதானம் தெரியும். அந்த நிதானத்தைத் தொலைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். 2002இல் அதே துறையின் இதழ், உலக மண்கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கு குளோமலினில் ஒளிந்திருப்பதாகத் தலைப்பே போட்டது. அதன்பின் நம் பல்கலைக்கழகங்களில் வேர்ப்பூஞ்சை பற்றிய ஆய்வேடு என்றால் குளோமலின் அட்டவணை இல்லாமல் பைண்டிங்குக்குப் போவதில்லை.

அந்த அட்டவணை எப்படி உருவாகிறது? ஒரு கிராம் மண், எட்டு மில்லி சிட்ரேட் கரைசல், ஆட்டோகிளேவில் 121 டிகிரி. 'எளிதில் பிரியும்' பகுதிக்கு அரை மணி நேரம். 'மொத்த' அளவுக்குச் செறிவு கூடிய கரைசலில் ஒரு மணி நேரம், அதுவும் சாறு வெளிறும்வரை மறுபடி மறுபடி. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மேலே நிற்பது பழுப்புச் சாறு. நீலகிரிச் சோலை மண் என்றால் பால் ஊற்றாத டிகாக்ஷன்தான். அதில் பிராட்ஃபோர்டு சாயத்தை ஊற்றி 595 நானோமீட்டரில் படிக்கிறோம். அந்தச் சாயத்துக்குப் பூஞ்சையும் தெரியாது, பாக்டீரியாவும் தெரியாது. இந்தச் சூட்டில் கரைந்து தப்பிய எந்தப் புரதத்தோடும் அது ஒட்டும். பாலிஃபீனால்கள் இருந்தால் அளவே பிசகும் என்று 2007இல் காட்டிவிட்டார்கள். அதற்கு முந்தின ஆண்டு ரோசியர் குழுவினர் மாட்டு சீரம் ஆல்புமினையும் இலைச் சருகையும் மண்ணில் கலந்து அதே முறையில் பிரித்தார்கள். சேர்த்த புரதமும் 'குளோமலின்' கணக்கில் வந்து உட்கார்ந்தது. 2011இல் கில்லெஸ்பி குழு அந்தச் சாற்றையே பிரித்துப் பார்த்து, வேர்ப்பூஞ்சையோடு தொடர்பில்லாத, சூடு தாங்கும் புரதங்களையும் கொழுப்பையும் ஹியூமிக் பொருட்களையும் கண்டது.

சரி, அளக்கும் முறை குறைபாடுடையது, புரதம் உண்மைதானே என்பீர்கள். கட்கரும் ரில்லிக்கும் 2006இல் அதற்குரிய மரபணுவைத் தேடியபோது கிடைத்தது ஹெச்எஸ்பி60ஐ ஒத்த வரிசை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மற்றப் புரதங்களை மடித்துக் கொடுக்கும் புரதம் அது. அது இழைச்சுவருக்கு எந்த வழியாக வருகிறது? விடை சொன்னவர் இல்லை. சுரக்கப்படுகிறதா என்பதே கேள்விதான். தூய வளர்ப்பில் பூஞ்சை உருவாக்கும் குளோமலினில் சுமார் 80 சதவீதம் இழையிலும் ஸ்போரிலுமே தங்கிவிடுகிறது என்று டிரைவரும் ஹோல்பனும் ரில்லிக்கும் 2005இலேயே அளந்துவிட்டார்கள். அப்படியிருக்க, இன்றைய நிகழ்ச்சி நிரலில் இது சுரப்புப் புரதங்களின் அமர்வில் எப்படி இடம் பிடித்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. நிரலைத் தயாரித்தவர் என் நண்பர், கோபிக்க மாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் இதையே கட்டுரையாக எழுதினேன். களத்தில் இறங்காதவரின் ஐயம் என்று ஒரே வரியில் எழுதித் திருப்பி அனுப்பினார் மதிப்பீட்டாளர். நடையை வைத்து ஆளை ஊகிக்கலாம், ஆனால் அது நாகரிகமல்ல. அவருடைய தரப்பில் நியாயமும் இருக்கிறது: குளோமலின் எண் கூடிய மண்ணில் மண்கட்டிகள் நீரில் கரையாமல் நிற்கின்றன. மறுக்கவில்லை. ஆனால் கரிமப்பொருள் கூடிய மண்ணிலும் அப்படித்தான் நிற்கும். இரண்டும் சேர்ந்தே ஏறுவதை வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு மாலை போடுவது எந்த ஊர் நியாயம்?

களம் என்றதும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த டி.எஸ். சதாசிவன், அதற்கு முன் ராத்தம்ஸ்டெட்டில் இருந்தபோது, கோதுமை வைக்கோலைப் பல மண்களில் சிதைக்கும் பூஞ்சைகள் எந்த வரிசையில் வருகின்றன என்று ஆராய்ந்து 1939இல் எழுதினார். அவருடைய வாடல்நோய் நச்சுகள் பற்றிய கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறோம். இதை யாரும் தொடுவதில்லை. மண்ணில் எந்தப் பூஞ்சை, எதன் மேல், எப்போது வேலை செய்கிறது என்பதை வைத்துத்தான் அவர் வாழ்க்கை முறையைப் பேசினார். சுரப்புக்கான சமிக்ஞைப் பகுதி இருப்பதாகக் கணினி காட்டும் புரதங்களைப் பட்டியலிட்டு அதையே சுரப்புப் புரதத் தொகுதி என்று அச்சிடும் இளைஞர்கள் அந்தக் கட்டுரையை ஒருமுறை படிக்கலாம். பட்டியல் தொடக்கம்தான், மண்ணில் அது வெளிவந்ததா என்பது இன்னொரு வேலை.

ஆட்டோகிளேவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மண்நல ஆய்வுக்கூடம் அதே சிட்ரேட் சாற்றை அளக்கிறது. ஆட்டோகிளேவ்-சிட்ரேட்டில் பிரியும் புரதம் என்று மட்டும் அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறது. மண்ணின் கரிம நைட்ரஜன் இருப்பைக் காட்ட அது உதவுகிறது. யார் சுரந்தது என்று அங்கே யாரும் உரிமை கொண்டாடவில்லை. இந்தக் கருத்தரங்கில் படிக்கப்படும் கட்டுரைகளும் அதையே செய்யட்டும். குளோமலின் என்று எழுதியே ஆக வேண்டும் என்பவர், பூஞ்சை இல்லாத மண்ணில் ஆல்புமின் கலந்து எடுத்த எண்ணையும் அதே அட்டவணையில் ஒரு நிரையாகத் தரட்டும். செலவு அதிகமில்லை, ஆல்புமின் எல்லா ஆய்வகத்து ஃபிரிட்ஜிலும் இருக்கிறது. முதல் அமர்வின் இரண்டாவது கட்டுரையாளரிடம் அந்த நிரையைத்தான் கேட்கப் போகிறேன். தேநீர் இடைவேளைக்குள் அவர் தேடி எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.