இனிப்பு நீரும் ஆண்மைக் குறைவும்: வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்

பாரிட் புந்தார் மூத்தோருக்கு ஆற்றிய உரை

ஐயாமார்களே, உடன் வந்திருக்கும் அம்மாமார்களே, வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயத்தை இன்று பேசுவோம்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடம் இது இன்னும் அதிகம். பல ஆண்டுகளாக இனிப்பு நீர் உள்ள ஆண்களுக்கு உறுப்பு விறைப்பது குறையலாம். இது செய்வினையும் அல்ல, இளமையில் செய்த தவறுக்குத் தண்டனையும் அல்ல. இதுவும் ஓர் உடல்நலப் பிரச்சினைதான்.

ஏன் வருகிறது?

விறைப்புக்கு இரத்த ஓட்டம், நரம்பு, ஹார்மோன், மனம் ஆகிய நான்கும் ஒத்துழைக்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிறுநீரக நோய், புகை, மது, அதிக எடை, மனச்சோர்வு ஆகியவையும் சேர்ந்து கெடுக்கின்றன.

இருதயத்தின் எச்சரிக்கை

ஆணுறுப்பின் இரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இருதயத்தின் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். அதனால் கொழுப்பு படியும்போது சிறிய குழாயில்தான் முதலில் கோளாறு தெரியும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த அறிகுறி வரலாம். மறைத்தால் அந்த வாய்ப்பு வீணாகும்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகளாலும் விறைப்பு குறையலாம். அதற்காக யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. டாக்டரிடம் சொன்னால், தேவைப்பட்டால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார்.

கடை மருந்து வேண்டாம்

'ஆண்மைக்கு' என்று விற்கும் காபி, லேகியம், மாத்திரைகள் சிலவற்றில் சில்டெனாஃபில் போன்ற மருந்துகள் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துபவர் இவற்றைச் சாப்பிட்டால், இரத்த அழுத்தம் திடீரென இறங்கி உயிரே போகலாம். டாக்டர் தரும் சில்டெனாஃபிலுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. நண்பரின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

• அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது, "டாக்டர், அந்தரங்கமாக ஒன்று கேட்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அதுவே போதும்.
• சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.
• மூன்று மாதச் சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக் கொள்ளுங்கள்.
• புகையை விடுங்கள். வாரத்தில் ஐந்து நாள், 30 நிமிடம் நடங்கள்.
• இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு வலித்தாலோ, அதிகமாக மூச்சு வாங்கினாலோ, உறவுக்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

அம்மாமார்களே, கணவர் விலகிப் படுத்தால் அன்பு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வெட்கத்தாலும் இருக்கலாம். கிளினிக்கிற்கு இருவரும் சேர்ந்தே வாருங்கள்.