மின்வண்டியும் கமக்காரன் கிணறும்



ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பூட்டிக்கிடந்த வாகன இறக்குமதி 2025 இல் திறக்கப்பட்டபின், மின்சாரத்தால் ஓடும் கார்கள் நம் வீதிகளிற் பெருகி வருகின்றன. 2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாம் இவற்றை வரவேற்கவே வேண்டும். ஆனால், வண்டியை வாங்குமுன் வீட்டு மின்மானியைப் பார்த்தோமா?

கணக்கு எளியது. நம்மிற் பலர் பெற்றிருப்பது தனி அவத்தை 30 அம்பியர் இணைப்பு. அதனை 230 வோல்ற்றால் பெருக்கினால் 6.9 கிலோவாற்று. அதுவே அவ்வீட்டின் உச்சவரம்பு. 32 அம்பியர் மின்னேற்றியோ ஏறத்தாழ 7.4 கிலோவாற்றுக் கேட்கும். விளக்கொன்று ஏற்றுமுன்பே வரம்பு கடந்துவிடுகிறது!

இதற்காக அஞ்சவேண்டியதில்லை. நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடுபவருக்கு ஏறத்தாழ 7 அலகு மின்சாரம் போதும். 10 அம்பியர் மின்னேற்றி மூன்றரை மணி நேரத்தில் அதனைத் தந்துவிடும். ஆனால் பழைய கம்பியை நம்பலாகாது. தனிக் கம்பியும், நல்ல புவித்தொடுப்பும், மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் ஆளியும் இன்றியமையாதன.

நமது வழக்கு வீட்டு வாசலோடு முடிவதன்று. 100 கேவீஏ மின்மாற்றி ஒன்றின்கீழ்ப் பதினைந்து வீடுகள் ஒரே வேளையில் 7 கிலோவாற்று வீதம் எடுத்தால் அது தாங்காது. அத்தகைய மின்னேற்றி ஒன்றின் சுமை, ஒரு குதிரைவலு நீரிறைக்கும் இயந்திரங்கள் ஏழெட்டின் சுமைக்குச் சமம். கம்பியின் கடைக்கோடியில் இருப்பவனோ பெரும்பாலும் கமக்காரன். வோல்ற்றளவு வீழ்ந்தால் அவனது இயந்திரம் சூடேறிக் கருகும். உத்தியோகத்தர் வண்டி ஓடுவதற்காகக் கமக்காரன் கிணறு ஓய்வதா? இது நீதியாகுமா?

ஆகவே, முதலிற் கடமை, பின்னர் உரிமை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள உச்சவேளையில் வண்டிக்கு மின்னேற்றாதிருப்பது நம் கடமை. ஒவ்வொரு மின்மாற்றியின் கொள்ளளவையும் அதன்மீதுள்ள சுமையையும் அறிவது நம் உரிமை. மலிவான இரவுக் கட்டணம் சிறிய இணைப்புடைய வீட்டுக்கும் எட்டவேண்டும் என்பது நம் கோரிக்கை. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்கும்போது, இவற்றைத் தமிழிலேயே எழுத்தில் முன்வைப்போம். கிராமந்தோறும் கணக்கெடுப்போம். கணக்கோடு செல்பவனை எவரும் வெறுங்கையோடு திருப்பியனுப்புதல் எளிதன்று.