பெயரிழந்த தொகுதி

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொகுதி என்பது நல்ல தமிழ்ச்சொல். தொகு என்னும் வினையடியாகப் பிறந்தது. சிதறிக் கிடப்பனவற்றை ஒன்றுசேர்த்தால் தொகை. ஒன்றுசேர்ந்த நிலமும் அதில் வாழும் குடியும் தொகுதி. 2008-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 19-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஆணையொன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்றாயிருந்த புதுக்கோட்டையை நான்காகக் கிழித்து நாற்புறமும் ஈந்துவிட்டு, அந்த ஆணைக்குத் தொகுதிச் சீரமைப்பு என்று பெயரும் சூட்டினார்கள். சொல்லுக்கு நேர்ந்த இழுக்கை மொழியறிஞர் பார்த்துக்கொள்ளட்டும். மண்ணுக்கு நேர்ந்த இழப்பே இன்றைய பேச்சின் பொருள்.

புதுக்கோட்டை நேற்று முளைத்த ஊரன்று. கழகக் காலத்து ஒல்லையூர் இன்றைய ஒலியமங்கலமாக நின்று கொண்டிருக்கிறது. சிலப்பதிகாரம் கூறும் கொடும்பை இன்றைய கொடும்பாளூர். வெள்ளாறு இந்நிலத்தின் நடுவே ஓடுகிறது. சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் அவ்வாறே எல்லை என்பது பழைய வழக்கு. அதனையொட்டிக் கோனாடு என்றும் கானாடு என்றும் இரு நாடுகள் வழங்கின. நாட்டாரும் ஊராரும் நகரத்தாரும் கூடி முடிவெடுத்துக் கல்லில் வெட்டி வைத்த மண் இது. 1929-ல் தொகுத்து வெளியிடப்பட்ட புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றைப் புரட்டுவோர், கூடிப் பேசி முடிவெடுத்தல் என்னும் பழக்கம் வெள்ளைக்காரன் கப்பலில் வந்திறங்கியதன்று என்பதை உணர்வர். ஆற்றை எல்லையாகக் கொண்ட மூவேந்தர் காலத்திலும் இந்நிலம் இரண்டாகத்தான் பிரிந்திருந்தது. நான்காகப் பிரித்த பெருமை மக்களாட்சிக் காலத்து ஆணையத்துக்கே உரியது.

பின்னர்த் தொண்டைமான்கள் ஆண்டனர். ஏறத்தாழ 1,200 சதுரக் கல் பரப்புடைய சிறு தனியரசு அது. கட்டபொம்மன் 1799-ல் திருக்களம்பூர்க் காட்டில் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட கறையும் அவ்வரசுக்கு உண்டு. வரலாறு பேசுவோர் அதனை மறைத்துப் பேசலாகாது. ஆயினும் இன்னொன்றையும் சேர்த்தே பேச வேண்டும். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலத்தில், 1902-ஆம் ஆண்டு, இங்கே பேராளர் அவை ஒன்று அமைந்தது. முதலில் முப்பதின்மரும் அரசால் அமர்த்தப்பட்டோரே. 1907-ல் அவர்களுள் பதினெண்மரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடிகளுக்குக் கிடைத்தது. 1924-ல் அவ்வவை சட்டமன்றமாக வளர்ந்தது. உறுப்பினர் ஐம்பதின்மர், தேர்ந்தெடுக்கப்பட்டோர் முப்பத்தைவர். ஒப்போலை எல்லார்க்கும் இல்லை, அதிகாரமும் முழுமையாக இல்லை என்பது உண்மையே. எனினும் தன் பெயரால் ஓர் அவை, தன் மண்ணிலேயே கூடிய அவை, புதுக்கோட்டைக்கு இருந்தது. அவை இருந்தும் குறை தீராதபோது மக்கள் தெருவுக்கு வந்ததும் உண்டு. 1931-ல் நகராட்சி வரிச்சுமையை எதிர்த்துத் தலைநகரே கிளர்ந்தெழுந்தது. 1927-ல் சென்னைச் சட்டமன்றத்தில் முதற் பெண்ணாக அமர்ந்த மருத்துவர் முத்துலக்குமி இந்த மண்ணின் மகள் என்பதும் தற்செயலாக நேர்ந்ததன்று.

1948 மார்ச்சு 3-ஆம் நாள் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. இராசகோபாலத் தொண்டைமான் ஆட்சியை ஒப்படைத்தார். தனியரசு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. தன் அவையை இழந்த மக்களுக்கு அதற்கு ஈடாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று: முதற் பொதுத்தேர்தலில் புதுக்கோட்டை என்னும் பெயரோடு ஒரு நாடாளுமன்றத் தொகுதி.

அந்தத் தொகுதி யாரை அனுப்பியது என்பதைக் கேளுங்கள். முதல் தேர்தலில், ஆளும் பேராயக் கட்சி நாடெங்கும் அலையெனப் பரவியபோது, புதுக்கோட்டை அதற்குப் பணியவில்லை. மன்னராட்சிக் காலத்திலேயே மக்கள் உரிமைக்குக் குரல் கொடுத்த வழக்குரைஞர் முத்துச்சாமி வல்லத்தரசை, கிருபளானியின் உழவர் தொழிலாளர் மக்கள் கட்சியின் சார்பில் நின்றவரை, தில்லிக்கு அனுப்பியது. 1957-ல் பேராயக் கட்சியின் இராமநாதன் செட்டியார் வென்றார். 1962-லும் 1967-லும் பொதுவுடைமையாளர் உமாநாத்து. முதன்முறை ஒன்றாயிருந்த கட்சியின் சார்பில். மறுமுறை பிளவுக்குப்பின் மார்க்சியக் கட்சியின் சார்பில். அவர் பிறந்தது காசர்கோட்டில். ஆயினும் உழைக்கும் மக்களின் துயரத்தைப் பேசியவரை இந்த மண் அயலாராகக் கருதவில்லை. தொகுதிக்குப் பெயர் வேண்டும் என்பதைக் குறுகிய ஊர்ப்பற்று என்று எள்ளுவோர்க்கு இது போதிய விடை.

1971-ல் தி.மு.க.வின் வீரையா, 1977-ல் அ.இ.அ.தி.மு.க.வின் இளஞ்செழியன், 1980-ல் பேராயக் கட்சியின் சாமிநாதன். அதன்பின் 1984, 1989, 1991 எனத் தொடர்ந்து மும்முறை அதே கட்சியின் சுந்தரராசு. 1996-ல் திருச்சி சிவா, 1998-ல் இராசா பரமசிவம், 1999-ல் சு. திருநாவுக்கரசர், 2004-ல் இரகுபதி. இறுதி இருவரும் நடுவணரசில் இணையமைச்சராகவும் இருந்தவர்கள். இப்பட்டியலைப் பார்ப்போர் ஒன்றை உணர்வர்: எந்தக் கட்சிக்கும் இத்தொகுதி அடிமை முறி எழுதித் தரவில்லை.

இடையே, 1974 சனவரி 14-ஆம் நாள், திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துப் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மாவட்டமும் தொகுதியும் முற்றிலும் ஒன்றாக இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திருமயம் அப்போதே சிவகங்கையோடு சேர்க்கப்பட்டிருந்தது. கிழிசல் அன்றே தொடங்கிவிட்டது; நூல் பிடித்துத் தைப்பார் இல்லை.

இனி 2008-க்கு வருவோர், வழியில் இங்கிலாந்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவது நல்லது. நாடாளுமன்றத்தின் தாய் என்று புகழப்படும் நாடல்லவா அது! அங்கே பழைய சாரம் என்றொரு தொகுதி இருந்தது. ஊர் அழிந்து மேடாய்ப் போனபின்னும் அம்மேட்டுக்கு இரண்டு உறுப்பினர். ஒப்போலை உரிமையுடையோர் பத்துப் பதினொருவர். அவர்களும் அங்குக் குடியிருந்தவர் அல்லர். 1691-ல் அத்தொகுதியை விலைகொடுத்து வாங்கியவன் தாமசு பிட்டு. இந்திய வாணிகத்தில் ஈட்டிய பொருளே அவனுக்கு மூலதனம். அவனே பின்னர் 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநன்! அவன் பெயரன் வில்லியம் பிட்டு 1735-ல் அந்த மேட்டிலிருந்தே நாடாளுமன்றம் புகுந்து, பின்னாளில் தலைமையமைச்சனும் ஆனான். 

இன்னும் ஒரு கொடுமை உண்டு. ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த பால் பென்பீல்டு என்பான், அப்பணத்தால் இங்கிலாந்தில் தொகுதிகளைக் கைப்பற்றினான். தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினரை அவன் ஆக்கிவைத்தான் என்று 1785-ல் எட்மண்டு பர்க்கு அந்த அவையிலேயே சாடினார். அக்கடனுக்கு வட்டி கட்டியவர் யார்? தஞ்சையிலும் ஆர்க்காட்டிலும் ஏர் பிடித்த தமிழ் உழவர். தமிழன் வியர்வை ஆங்கிலேயனுக்கு இருக்கை வாங்கித் தந்தது. தமிழனுக்கு அங்கே நிற்கவும் இடமில்லை. 1832-ல் சட்டம் இயற்றிப் பழைய சாரம் உள்ளிட்ட 56 தொகுதிகளை ஒழித்தார்கள். அது முறையே. ஆளில்லாத தொகுதியை ஒழிப்பதில் எவர்க்கு வருத்தம்?

புதுக்கோட்டை ஆளில்லாத மேடா? 2001 கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் மக்கள் தொகை 14,59,601. அக்கணக்கை வைத்துத்தான் குல்தீபு சிங்கு தலைமையிலான ஆணையம் கோடு கிழித்தது. தமிழ்நாட்டு மக்களை 39 தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் ஈவு ஏறத்தாழ 16 இலக்கம். அந்த ஈவில் 91 விழுக்காடு இந்த ஒரு மாவட்டத்திலேயே இருந்தது. அதே கணக்கெடுப்பில் இராமநாதபுரம் மாவட்டத்தில் 11,87,604 பேர். சிவகங்கையில் 11,55,356 பேர். கரூரில் 9,35,686 பேர். மூன்றும் புதுக்கோட்டையினும் சிறியவை. மூன்றும் தொகுதிப் பெயரைக் காத்துக்கொண்டன. பெயர் போனது பெரிய மாவட்டத்துக்கு!

இன்னும் கேளுங்கள். ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள் என்பது தமிழ்நாட்டு அளவு. அதே சீரமைப்பில் புதுக்கோட்டை மாவட்டத்தின் சட்டமன்றத் தொகுதிகள் ஐந்திலிருந்து ஆறாயின: கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. ஆறும் சேர்ந்தால் ஒரு தொகுதி. கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா. செய்ததென்ன? கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டை நகரும் திருச்சிக்கு. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு. விராலிமலை கரூருக்கு. அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கு. சிவகங்கையிலும் கரூரிலும் இராமநாதபுரத்திலும் மாவட்டத்துக்கு நான்கு நான்கு சட்டமன்றத் தொகுதிகளே. அங்கே குறைந்ததை இட்டு நிரப்ப, இங்கே நிறைந்திருந்த குடம் கவிழ்க்கப்பட்டது. கரூராரையோ சிவகங்கையாரையோ நொந்து பயனில்லை, அவர்களும் உடன்பிறந்தாரே. கோடு கிழித்த கையைத்தான் கேட்க வேண்டும். கேட்கவும் வழியில்லை. ஆணையத்தின் முடிவை எந்த முறைமன்றத்திலும் எதிர்க்கவொண்ணாது என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஆணையத்தோடு அமர்ந்த துணையுறுப்பினராகிய நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்க்கும் ஒப்போலை உரிமை கிடையாது. பேசலாம், முடிவெடுக்கலாகாது.

உறுப்பினர் எங்கிருந்து வந்தால் என்ன, வேலை நடந்தால் போதாதா என்பார் உளர். 2017-ல் நெடுவாசலில் ஐதரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உழவர் நாள்கணக்கில் மண்ணில் அமர்ந்து போராடினர். நெடுவாசல் ஆலங்குடித் தொகுதியில் உள்ளது. ஆகவே அவர்தம் நாடாளுமன்ற உறுப்பினர் சிவகங்கைக்குரியவர். கோட்டைப்பட்டினத்து, செகதாப்பட்டினத்து மீனவர் இலங்கைக் கடற்படையால் பிடிபட்டால் முறையிட வேண்டியது இராமநாதபுரத்து உறுப்பினரிடம். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021-ல் அடிக்கல் நாட்டப்பட்ட குன்னத்தூர் விராலிமலை வட்டத்தது; அந்த நீரைப் பற்றிக் கேட்க வேண்டியவர் கரூர் உறுப்பினர். உழவனும் மீனவனும் ஒரே மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் நால்வரும் நாலு பேரைத் தேடித் தில்லியில் அலைய வேண்டும். அந்நால்வருள் எவர்க்கும் புதுக்கோட்டை முழுமையும் தம் பொறுப்பன்று. ஒவ்வொருவர்க்கும் அது தம் தொகுதியின் ஒரு மூலை.

பழைய தொகுதியின் தலைவர்களும் வேறு வாயில் தேட நேர்ந்தது. திருநாவுக்கரசர் 2019-ல் மீண்டும் நாடாளுமன்றம் சென்றார், திருச்சிராப்பள்ளி உறுப்பினராக. புதுக்கோட்டையின் இறுதி உறுப்பினரான இரகுபதி 2016-லும் 2021-லும் திருமயத்திலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்றார்.

புதுக்கோட்டைக்கு நேர்ந்தது தமிழ்நாட்டுக்கு முன்பே நேர்ந்ததன் சிறு நிழல். 1962-ல் இம்மாநிலத்துக்கு 41 நாடாளுமன்ற உறுப்பினர். மக்கள் தொகையைக் கட்டுப்படுத்திய கரணியத்தால் 1967-ல் அது 39 ஆயிற்று. 1976-ல் 42-ஆம் திருத்தம் எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. 2001-ல் 84-ஆம் திருத்தம் அந்நிறுத்தத்தை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டியது. குடும்பத்தை அளவோடு வைத்த மாநிலத்துக்குத் தண்டமா என்று 2021-ல் மதுரையில் அமரும் உயர்முறைமன்றக் கிளையும் கேட்டது. எண்ணிக்கை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் தமிழ்நாடு சுருங்கும். புதுக்கோட்டையிலோ எண்ணிக்கை இருந்தும் பெயர் போயிற்று. ஆகவே இனிக் கோடு கிழிக்கப்படும் நாளில் எத்தனை இருக்கை என்பதோடு நில்லாமல், எந்த மண்ணை எதனோடு ஒட்டுகிறார்கள் என்பதையும் தமிழர் விழித்திருந்து பார்க்க வேண்டும். ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஒன்றாகி மீண்டும் புதுக்கோட்டை என்னும் பெயர் பெறவேண்டும் என்பது எவரிடமிருந்தும் எதையும் பறிக்கும் கோரிக்கையன்று.

தொண்டைமான்களின் புது அரண்மனைதான் பின்னர் மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயிற்று. பொதுத்தேர்தல் வந்தால் மாவட்டத் தேர்தல் அலுவலர் அங்கிருந்தே ஆணையிடுகிறார். ஒப்போலைப் பொறிகள் ஊர்தோறும் செல்கின்றன. பின் அவை நான்கு தொகுதிகளுக்கெனப் பிரிந்து போகின்றன. 2009-ஆம் ஆண்டுத் தேர்தல் தொட்டு, நாடாளுமன்றத்துக்கென ஒரு வேட்புத்தாளும் அந்த மாளிகையில் பெறப்பட்டதில்லை.